ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தீவிரத் தனிப்பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீவிரத் தனிப்பயிற்சி என்றால் என்ன? மாலையில் பிள்ளைகள் போகும் டியூஷனும் இதுவும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. பெரும்பாலான டியூஷன் மையங்களில் நடப்பது, பகலில் பள்ளியில் நடந்த வகுப்பின் மறுபதிப்பு. முப்பது நாற்பது பேர் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, ஆசிரியர் போர்டில் கணக்கைப் போட்டுக் காட்டுவார், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், வாரக் கடைசியில் ஒரு தேர்வு நடக்கும். பள்ளியில் அரைகுறையாகப் புரிந்ததை இரண்டாம் முறை கேட்பதால் சிலருக்குப் பயன் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஏற்கெனவே பின்தங்கிவிட்ட மாணவர் அங்கேயும் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்.

கல்வி ஆய்வாளர்கள் தீவிரத் தனிப்பயிற்சி என்று சொல்வது வேறு ஏற்பாடு. ஓர் ஆசிரியரிடம் ஒரு மாணவர், அல்லது இரண்டு பேர், மிஞ்சிப்போனால் நான்கு பேர். வாரத்துக்குக் குறைந்தது மூன்று நாள், ஒவ்வொரு நாளும் அரை மணி நேரத்துக்குக் குறையாத பயிற்சி. சில மாதங்களாவது, முடிந்தால் ஆண்டு முழுவதும், அதே ஆசிரியர். எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்பதைப் பாடத்திட்டம் முடிவு செய்வதில்லை, அந்த மாணவர் எங்கே தடுக்கி நிற்கிறார் என்பதே முடிவு செய்கிறது. கடைசியாகச் சொன்ன இந்த ஒன்று இல்லாவிட்டால், வீட்டுக்கே ஆசிரியரை வரவழைத்து ஒருவருக்கு ஒருவராகச் சொல்லிக்கொடுத்தாலும் அது ஆள் குறைந்த டியூஷன்தான்.

பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகு தொடங்கினால் பலன் இருக்குமா? அடிப்படை இல்லாத பிள்ளைக்குக் காலம் கடந்துவிடவில்லையா?

ஆசிரியர் அறைகளில் அதிகம் கேட்கும் வாக்கியம் இது: "பேஸ்மென்ட்டே இல்ல சார், இனிமே என்ன பண்றது?" கல்விக் கொள்கை வகுப்பவர்களிடமும் நெடுங்காலம் இதே எண்ணம் இருந்தது. சிறு வயதில் செலவிடும் பணமே பலன் தரும், பதின்பருவத்தில் கற்றல் இடைவெளியை அடைப்பது ஏறக்குறைய இயலாத காரியம் என்று பலரும் நம்பினார்கள்.

இந்த நம்பிக்கையை வலுவாகச் சோதித்துப் பார்த்த இடம் அமெரிக்காவின் சிகாகோ நகரம். அங்குள்ள பொதுப் பள்ளிகளில் 2013-14, 2014-15 ஆகிய இரு கல்வியாண்டுகளில், ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்கள் 5,000க்கும் மேற்பட்டோரை வைத்துச் சிகாகோ பல்கலைக்கழகக் கல்வி ஆய்வகத்தைச் சேர்ந்தவர்களும் பிற பொருளியலாளர்களும் இரண்டு பெரிய ஆய்வுகளை நடத்தினார்கள். பெரும்பாலோர் வறுமை மிகுந்த பகுதிகளைச் சேர்ந்த கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள். பலர் கணக்கில் பல ஆண்டுகள் பின்தங்கியிருந்தவர்கள். யாருக்குத் தனிப்பயிற்சி வாய்ப்பு என்பது குலுக்கல் முறையில் முடிவானதால், ஆர்வமுள்ள பிள்ளைகள் மட்டும் சேர்ந்து முன்னேறினார்கள் என்ற சந்தேகத்துக்கு அங்கே இடமில்லை. இரண்டு மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர், பள்ளி நாள்தோறும் சுமார் 50 நிமிடம், அதுவும் பள்ளி நேரத்துக்குள்ளேயே, வழக்கமான கணித வகுப்புக்கு மேலதிகமாக ஒரு பாடவேளையாக நடந்தது.

ஓராண்டு முடிவில், பயிற்சி பெற்றவர்களின் கணித மதிப்பெண் 0.18 முதல் 0.40 திட்ட விலக்கம் வரை உயர்ந்திருந்தது. (நம் பத்தாம் வகுப்புப் புள்ளியியல் பாடத்தில் வரும் அதே திட்ட விலக்கம்தான்.) எளிமையாகச் சொன்னால், நூறு பேர் கொண்ட தரவரிசையில் 50ஆம் இடத்தில் நின்றவர் சுமார் 43ஆம் இடத்துக்கு, மிகுந்த பலன் கிடைத்தால் 35ஆம் இடத்துக்கு வருவார். கணிதத்தில் தோல்வியுறுவோர் எண்ணிக்கையும் கணிசமாகக் குறைந்தது. இது மாயாஜாலம் இல்லை. தோற்றுக்கொண்டிருந்தவர் மாநில முதலிடம் பிடித்த கதையும் இல்லை. ஆனால் பதினைந்து வயதில் இனி ஒன்றும் செய்ய முடியாது என்ற பேச்சுக்கு இந்த முடிவே போதுமான பதில்.

வகுப்பில் புரியாதது தனிப்பயிற்சியில் மட்டும் எப்படிப் புரிகிறது? அதே பாடம்தானே?

ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்த்தால் தெளிவாகும். பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலில் இரு புள்ளிகள் வழியே செல்லும் கோட்டின் சாய்வைக் காணும் கணக்கு வருகிறது. புள்ளிகள் (−2, 3), (4, −5) என்று வைத்துக்கொள்வோம். சூத்திரம் மாணவருக்கு மனப்பாடமாகத் தெரியும். மேலே −5 − 3 என்றும் கீழே 4 − (−2) என்றும் சரியாகவே எழுதிவிடுகிறார். அதன் பிறகு மேலே 8, கீழே 6 என்று எழுதி, விடை 4/3 என்று முடிக்கிறார். சரியான விடை −4/3.

நாற்பது விடைத்தாள்களைத் திருத்தும் ஆசிரியர் இங்கே ஒரு சிவப்புச் சுழி போட்டுவிட்டு, சூத்திரத்துக்கு ஒரு மதிப்பெண் கொடுத்து, அடுத்த தாளுக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை, அவருக்கு இருக்கும் நேரம் அவ்வளவுதான். மாணவர் தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்து, "சைன் மிஸ்டேக்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மூடிவைப்பார். கவனக்குறைவு என்று வீட்டிலும் திட்டு விழும்.

இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளர் வேறொன்றைச் செய்ய முடியும். "இந்த எட்டு எப்படி வந்தது, சொல்லு பார்ப்போம்" என்று கேட்கிறார். பையன் தயங்காமல் பதில் சொல்கிறான்: "மைனஸும் மைனஸும் சேர்ந்தா ப்ளஸ், அதான் எட்டு." இது கவனக்குறைவே இல்லை. பெருக்கலுக்கு உரிய விதியைக் கூட்டல் கழித்தலுக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறான். முழுக்களின் செயல்பாடுகளைப் படித்த நடுநிலை வகுப்பில் அந்தக் குழப்பம் நுழைந்தது, அன்றிலிருந்து யாரும் அதைக் கேட்டதில்லை. இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தும்போது வரும் தவறு, கூட்டுத்தொடரில் பொது வித்தியாசம் மாறிப்போவது, இயற்பியலில் முடுக்கத்தின் குறி தலைகீழாவது எல்லாமே இந்த ஒரே வேரிலிருந்து முளைத்தவையாக இருக்கலாம். எண்கோட்டை வரைந்து இரண்டு மூன்று நாள் அதிலேயே நின்றால், வெவ்வேறு பாடங்களில் தெரிந்த ஐந்தாறு பலவீனங்கள் சேர்ந்தாற்போல் குறைகின்றன. பிறகு அந்தப் பையன் தானாகவே விடையைச் சரிபார்க்கக் கற்றுக்கொள்கிறான்: கோடு இடமிருந்து வலமாக இறங்குகிறதே, சாய்வு எப்படி மிகையாக இருக்க முடியும் என்று படத்தைப் பார்த்துக் கேட்கும் நிலைக்கு வருகிறான்.

பயனின் பெரும்பகுதி இங்கேதான் கிடைக்கிறது என்பது என் கருத்து. மாணவர் எழுதிய விடைக்குப் பின்னால் இருக்கும் எண்ணத்தை அன்றைக்கே, அந்த வரியிலேயே ஒருவர் கேட்டுவிடுகிறார். ஊக்கம், தன்னம்பிக்கை, கவனம் என்று மற்றவர்கள் வரிசைப்படுத்தும் பலன்களெல்லாம் உண்மையே; அவை பெரும்பாலும் இதன் பின்னால் வருகின்றன. தான் முட்டாள் என்று நினைத்திருந்தவனுக்கு, தன்னிடம் இருந்தது ஒரே ஒரு தவறான விதி என்று தெரிந்தால் முகமே மாறிவிடும்.

சிகாகோவில் பயிற்சி கொடுத்தவர்கள் தேர்ந்த ஆசிரியர்களா? எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்கள் கிடைக்க மாட்டார்களே.

வியப்பான செய்தி இதுதான். அவர்களில் பெரும்பாலோர் முறையான ஆசிரியர் பயிற்சி பெறாதவர்கள். அப்போதுதான் கல்லூரி முடித்து வந்த இளைஞர்கள், ஓய்வு பெற்றவர்கள், வேலை மாறும் இடைவெளியில் இருந்தவர்கள் ஆகியோர் மிதமான ஊக்கத்தொகைக்கு ஓராண்டு வேலை செய்தார்கள். கணிதத்தில் தெளிவு இருந்தால் போதும் என்று தேர்ந்தெடுத்து, குறுகிய காலப் பயிற்சி கொடுத்து, கூடவே ஒரு மேற்பார்வையாளரையும் வைத்தார்கள்.

அந்த ஆய்வை எழுதியவர்கள் சொன்ன விளக்கம் நம்பத்தக்கதாக இருக்கிறது. வகுப்பறையில் பாடம் நடத்துவது ஏன் கடினம்? ஒரே நேரத்தில் ஆறு விதமான நிலையில் இருக்கும் நாற்பது பேரைப் பிடித்து உட்காரவைத்து, அனைவருக்கும் பொருந்தும்படி பேச வேண்டும். அந்தத் திறமை கைவரப் பல ஆண்டுகள் ஆகும். இரண்டே மாணவர்கள் என்றால் அந்த இரு சிக்கல்களும் பெருமளவு மறைந்துவிடுகின்றன. எனவே, நன்றாகக் கணக்குத் தெரிந்த, பொறுமையுள்ள, நாள் தவறாமல் வரக்கூடிய ஒரு பி.எஸ்சி. பட்டதாரி இந்த வேலையைத் திறம்படச் செய்யலாம். இருபது ஆண்டு அனுபவமுள்ள பெயர்பெற்ற ஆசிரியரிடம் அறுபதில் ஒருவராக இடம் பிடிப்பதைவிட இது பலருக்கு நல்லது என்றே நினைக்கிறேன்.

அதற்காக யார் வேண்டுமானாலும் போதும் என்று பொருளில்லை. 2020இல் வெளிவந்த, 96 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பீட்டில், ஊதியம் பெறும் ஆசிரியர்களும் பயிற்சி பெற்ற உதவியாளர்களும் கொடுத்த பயிற்சி, தன்னார்வலர்களும் பெற்றோரும் கொடுத்ததைவிட அதிகப் பலன் தந்திருக்கிறது. காரணம் அறிவுக் குறைவாக இருக்க வேண்டியதில்லை. ஊதியமில்லாதவர் பண்டிகைக்கும் பரீட்சைக்கும் நின்றுவிடுவார். அப்பா சொல்லிக்கொடுக்கும் கணக்கு பத்தாம் நிமிடம் சண்டையில் முடியும்.

தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர், வகுப்பில் 98 சதவீதத்தினரை மிஞ்சிவிடுவார் என்று விளம்பரங்களில் போடுகிறார்களே?

அது 1984இல் அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் ப்ளூம் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த எண். அவர் சான்றாகக் காட்டிய சோதனைகள் சில வாரங்களே நடந்தவை; அவற்றில் பயிற்சி பெற்றவர்கள் ஒரு பகுதியில் முழுத் தேர்ச்சி அடையாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. அதன்பின் வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய விளைவு பொதுவாகக் கிடைக்கவில்லை. மேலே சொன்ன 96 ஆய்வுகளின் தொகுப்பில் சராசரி விளைவு 0.37 திட்ட விலக்கம். ப்ளூம் சொன்னதோ 2. கல்வித் துறையில் 0.37 என்பதே பெரிய எண் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 98 சதவீதக் கணக்கை மேற்கோள் காட்டிக் கட்டணம் கேட்கும் நிறுவனத்திடம், அந்தப் பிள்ளைகள் எத்தனை வாரம், எத்தனை பேர் கொண்ட குழுவில் படித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கள் மகன் கணக்கில் பாஸானால் போதும். அதற்கு இவ்வளவு வேண்டுமா?

தேர்ச்சி மட்டுமே குறி என்றால் பள்ளிகளில் அதற்கென ஒரு வழி இருக்கிறது. மெல்லக் கற்போர் என்று பெயர் எழுதப்பட்ட பட்டியலில் உள்ள எல்லோருக்கும் அது தெரியும். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளில் செய்முறை வடிவியலும் வரைபடமும் தலா 8 மதிப்பெண். புத்தகத்தின் பின்னால் உள்ளவற்றிலிருந்து பெரும்பாலும் வரும் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இந்த 30ஐத் தேற்றிவிட்டு, மேலும் மூன்று இரண்டு மதிப்பெண் கணக்குகளைத் தொட்டால் 35ஐத் தாண்டிவிடலாம். ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கும் பல சிறப்பு வகுப்புகளின் முழுத் திட்டமே இதுதான்; தோல்வியின் விளிம்பில் நிற்கும் பிள்ளைக்கு அது கைகொடுக்கவும் செய்கிறது. பிப்ரவரியில் வந்து கேட்பவருக்கு நானும் இதையே சொல்வேன்.

ஆனால் இப்படிப் பெற்ற 35 அடுத்த ஜூன் மாதத்துக்கு உதவாது. பாலிடெக்னிக்கில் சேர்ந்தால் முதல் பருவத்திலேயே கணிதம் இருக்கிறது. அங்கே அரியர் விழத் தொடங்கும். பிளஸ் ஒன்னில் வணிகவியல் பிரிவு எடுத்தாலும் சதவீதமும் விகிதமும் கூடவே வரும். வட்டத்துக்குத் தொடுகோடு வரையக் கற்றவர், 18 சதவீத வரியைக் கழித்து அடக்க விலையைக் கண்டுபிடிக்கத் தடுமாறுவதைக் கடைகளில் பார்க்கலாம். ஒன்பதாம் வகுப்பு ஜூன் மாதத்தில் தொடங்கப்பட்ட தனிப்பயிற்சி, இந்தக் குறுக்குவழிக்கே தேவை இல்லாமல் செய்துவிடும். எட்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் தேர்ச்சி என்பதால் இடைவெளிகள் வெளியே தெரியாமல் வந்து, ஒன்பதில்தான் முதன்முதலாகக் கண்ணில் படுகின்றன. தொடங்குவதற்கு அதுவே சரியான ஆண்டு.

எந்தப் பாடத்துக்கு அதிகப் பலன்?

உயர் வகுப்புகளில் கணிதத்துக்கு. வாசிப்புக்கான தனிப்பயிற்சி தொடக்க வகுப்புகளில் நன்றாகப் பலிப்பதையும், மேலே போகப் போகக் கணிதமே முன்னணியில் இருப்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டப்படும் பாடமென்பதால் விடுபட்ட படியைக் கண்டுபிடிப்பது கணிதத்தில் எளிது. அடுத்ததாக இயற்பியல், கணக்குப்பதிவியல், ஆங்கில இலக்கணமும் எழுத்தும். வரலாறு, உயிரியல் போன்றவற்றுக்கு நல்ல பாடக்குறிப்பும் ஒழுங்கான படிப்பு நேரமும் போதும். அவற்றுக்கும் சேர்த்து எல்லாப் பாடத்துக்கும் தனித்தனியே ஆள் வைப்பது பணத்தை வீணாக்குவது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஒன்பதாம் வகுப்பில் இருந்தும் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு பத்தியைத் தட்டுத் தடுமாறியே வாசிக்கும் பிள்ளைக்கு முதலில் வாசிப்புப் பயிற்சிதான் வேண்டும். கணக்கில் அவர் தோற்பதுகூட வினாவை வாசித்துப் புரிந்துகொள்ள முடியாததால் இருக்கலாம்.

நன்றாகப் படிக்கும் மாணவருக்குத் தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. அவருக்குத் தேவை கடினமான கணக்குகளும், தனியாக முட்டிமோதுவதற்கான நேரமும்.

செயலி, ஆன்லைன் வகுப்பு, செயற்கை நுண்ணறிவு இவையெல்லாம் இருக்கும்போது ஆள் எதற்கு?

மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஆன்லைனில் அதே பயிற்சியாளர், அதே நேரத்தில், மாணவரின் நோட்டைக் கேமராவில் பார்த்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தால் அது தனிப்பயிற்சியே. நெட் வேகமும் வீட்டில் அமைதியும் இருந்தால் ஓரளவு நன்றாகவே நடக்கும். பயிற்சிக் கணக்குகள் தரும் செயலியும் ஆளோடு சேர்ந்தால் பயன்படும். சிகாகோவிலும் நியூயார்க்கிலும் பின்னாளில் நடந்த இன்னொரு சோதனையில், ஒருநாள் பயிற்சியாளரிடமும் மறுநாள் கணினியிலுமாக நான்கு மாணவர்களுக்கு ஓர் ஆசிரியரைப் பகிர்ந்துகொடுத்தார்கள். கணிசமாகக் குறைந்த செலவில் நல்ல பலன் கிடைத்தது.

வேண்டும்போது மட்டும் உள்ளே போய்ச் சந்தேகம் கேட்கும் வகைச் சேவைகள்தான் ஏமாற்றுகின்றன. கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளிக் குழுமம் இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாக இத்தகைய சேவையைத் திறந்துவைத்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு மாணவரே ஒருமுறையாவது அதைத் தொட்டார். தோல்வியின் விளிம்பில் இருந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே பயன்படுத்தினார்கள். எது தெரியவில்லை என்பதே தெரியாதவரிடம் சந்தேகத்தைக் கேள் என்றால் எதைக் கேட்பார்?

செயற்கை நுண்ணறிவைப் பொறுத்தவரை, துருக்கியில் சுமார் ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த சோதனை கவனிக்கத்தக்கது. சாதாரண உரையாடல் வடிவில் அதைப் பயன்படுத்தியவர்கள் பயிற்சிக் கணக்குகளை மிக நன்றாகப் போட்டார்கள். பிறகு அது இல்லாமல் தேர்வு எழுதியபோது, அதைத் தொட்டே பார்க்காதவர்களைவிட 17 சதவீதம் குறைவாகப் பெற்றார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி அமைத்த வடிவத்தில் இந்தப் பாதிப்பு பெரும்பாலும் நீங்கியது. வீட்டில் அதைப் பயன்படுத்த விடுவதென்றால், விடை காட்டும் வடிவத்தைத் தவிர்ப்பது நல்லது.

செலவு கட்டுப்படியாகுமா?

சிகாகோ திட்டத்தில் ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 3,500 முதல் 4,300 டாலர் வரை ஆனது. நம் ஊரில் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் கணக்கிடும் முறை ஒன்றுதான். ஒருவருக்கு ஒருவர் என்பது ஆடம்பரம். இரண்டு பேருக்கு ஒருவர் என்ற ஏற்பாட்டில்தான் சிகாகோ முடிவுகள் கிடைத்தன. எனவே ஏறத்தாழ ஒரே நிலையில் உள்ள இரண்டு பிள்ளைகளின் குடும்பங்கள் சேர்ந்து ஒரு பயிற்சியாளரை அமர்த்திக்கொள்வதில் தரம் குறைந்துவிடும் என்ற கவலை வேண்டாம். ஐந்து பாடத்துக்கும் சேர்த்து மாதாமாதம் டியூஷன் மையத்தில் கட்டும் தொகையை ஒரே பாடத்தில் குவித்தால் பல குடும்பங்களுக்கு இது எட்டக்கூடியதே.

பள்ளியில் பாடம் எடுக்கும் ஆசிரியரையே வீட்டில் சொல்லித்தரக் கேட்கலாமா?

கூடாது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஆசிரியர்கள் தனியார் டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அகமதிப்பீட்டு மதிப்பெண் போடுகிறவருக்கே கட்டணமும் கொடுப்பது மற்ற மாணவர்களுக்கு அநியாயம். பயிற்சி மையம் தேடுவோர், மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளையும் தெரிந்துகொள்வது நல்லது: 16 வயதுக்குக் குறைந்தோரைக் கோச்சிங் மையங்கள் சேர்க்கக் கூடாது, ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது, நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அவை கூறுகின்றன.

அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ இதை நடத்த முடியுமா?

முடியும், உண்மையில் பள்ளியே இதற்குச் சரியான இடம். பள்ளி நேரத்துக்குள் நடக்கும் பயிற்சி, பள்ளி விட்ட பிறகு நடப்பதைவிட அதிகப் பலன் தருகிறது. மாலையில் பிள்ளைகள் களைத்திருப்பார்கள். சிலருக்குக் கடைசிப் பேருந்து 5 மணிக்கு. சிலர் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. யாருக்கு மிகவும் தேவையோ அவர்களே வராமல் போவார்கள்.

தமிழ்நாட்டுக்கு இதில் முன் அனுபவம் இல்லாமலில்லை. பெருந்தொற்றுக்குப் பிறகு 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், பெரும்பாலும் பெண்களான சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு, தங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழகக் கிராமங்களில் நடந்த ஆய்வொன்று, பள்ளிகள் திறந்து ஆறு மாதங்களுக்குள் கற்றல் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இத்திட்டத்தால் வந்தது என்றும் மதிப்பிட்டது. ஆனால் அது ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்கானது, குழுக்களும் பெரியவை. ஒன்பது, பத்து வகுப்புகளுக்கு இதே ஆள்பலத்தைச் சிறிய குழுக்களில், பகல் நேரத்தில் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பது இன்னும் யாரும் பெரிய அளவில் முயன்று பார்க்க வேண்டிய ஒன்று.

ஒரு தலைமையாசிரியர் நாளைக்கே தொடங்க விரும்பினால், ஒரு பிரிவில் எட்டு மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, ஊரிலுள்ள இரண்டு பட்டதாரிகளைப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மூலம் அமர்த்தி, தினமும் ஒரு பாடவேளையை ஒதுக்கினால் போதும். அந்தப் பாடவேளையை உடற்கல்வியிலிருந்து எடுக்காதீர்கள். ஏற்கெனவே எல்லாப் பாடத்துக்காரர்களும் கடன் வாங்கித் திருப்பித் தராத வகுப்பு அது.

பெரிய அளவில் செய்யும்போது பலன் தேய்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. பெருந்தொற்றுக்குப் பின் அமெரிக்காவின் பல கல்வி மாவட்டங்கள் பெரும் தொகையைத் தனிப்பயிற்சிக்கு ஒதுக்கின. சிறிய சோதனைகளில் கண்ட அளவு முன்னேற்றம் பல இடங்களில் வரவில்லை. மூன்று நாள் என்று திட்டமிட்டது ஒரு நாளாகச் சுருங்கியது, பயிற்சியாளர்கள் அடிக்கடி மாறினார்கள், குழுக்கள் பெருத்தன. இரண்டு பிரிவுக்கு ஒழுங்காக நடத்த முடிகிற பள்ளி இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முதல் வாரத்தில் பயிற்சியாளர் என்ன செய்ய வேண்டும்?

பாடம் நடத்தக் கூடாது. முந்தைய வகுப்புகளிலிருந்து பின்னம், தசமம், முழுக்கள், விகிதம், எளிய சமன்பாடு என்று பதினைந்து இருபது சிறு கணக்குகளைக் கொடுத்து, மாணவரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யவைக்க வேண்டும். நடப்புப் பாடத்துக்குப் பாதி நேரம், பழைய இடைவெளிகளுக்குப் பாதி நேரம் என்ற பங்கீடு நடைமுறையில் நன்றாக வருகிறது. பழையதையே செய்துகொண்டிருந்தால் பள்ளித் தேர்வில் விழுந்து மாணவர் மனம் தளர்வார். புதியதை மட்டும் துரத்தினால் பழைய தவறுகள் அப்படியே இருக்கும்.

பலன் கிடைக்கிறதா என்று பெற்றோர் எப்படிக் கண்டுபிடிப்பது? எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வது?

முதல் மாதத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்தத் தேர்வுக்கான பகுதியும் பயிற்சியில் நடந்ததும் வேறு வேறாக இருக்கும். பயிற்சி நோட்டைத் திறந்து பாருங்கள். பக்கம் முழுவதும் ஆசிரியரின் கையெழுத்தாகவோ, அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லாமல் அச்சடித்தாற்போலவோ இருந்தால், பிள்ளை பார்த்து எழுதுகிறாள் என்று பொருள். பாதியில் அடித்து மறுபடி தொடங்கிய கணக்குகள் இருந்தால் அங்கே வேலை நடக்கிறது. இதைக் கண்டுகொள்ளப் படிப்பு வேண்டியதில்லை. ஆறு வாரம் கழித்து, முதல் வாரத்தில் கொடுத்த அதே கணக்குகளை எண்களை மட்டும் மாற்றி, முன்னறிவிப்பில்லாமல் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாரும் விளக்கத் தேவையில்லை.

தனிப்பயிற்சியால் கெடுதலும் உண்டா?

உண்டு. பள்ளி, டியூஷன், தனிப்பயிற்சி என மூன்றையும் அடுக்கித் தூக்கத்தைப் பறித்தால் எதுவும் மண்டையில் நிற்காது. புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது பழைய ஒன்றை நிறுத்த வேண்டும். பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல் பேனாவைத் தொடாத பழக்கமும் சிலரிடம் வந்துவிடுகிறது. நல்ல பயிற்சியாளர் கணக்கின் நடுவில் பேசாமல் இருக்கத் தெரிந்தவர். மாணவர் தவித்துக்கொண்டிருக்கும் ஒரு நிமிடத்தைப் பொறுக்க முடியாமல் அடுத்த வரியைச் சொல்லிவிடுபவர் எவ்வளவு படித்திருந்தாலும் இந்த வேலைக்குப் பொருத்தமில்லை.

எப்போது நிறுத்தலாம்?

பள்ளியில் அன்று நடந்த பாடத்தின் பயிற்சிக் கணக்குகளில் பெரும்பாலானவற்றை மாணவர் வீட்டில் தனியாகப் போட்டுவிடுகிறார், தவறு வந்தால் எந்த வரியில் வந்தது என்று அவரே கண்டுபிடிக்கிறார் என்ற நிலை வந்ததும் நிறுத்தலாம். ஒரேயடியாக வேண்டாம்; ஐந்து நாளை மூன்றாக்கி, பிறகு வாரம் ஒன்றாக்குங்கள். பொதுத்தேர்வுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறதே என்று பயந்து தொடரும் குடும்பங்கள் நிறைய. அந்த நான்கு மாதத்தில் அவருக்குத் தேவை பழைய வினாத்தாள்களும் மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதும் பழக்கமும்; இரண்டுக்கும் பயிற்சியாளர் கூட உட்கார வேண்டியதில்லை.